கூட்டாமலும் குறைக்காமலும்

நீதிமன்றத்தில் அவருக்குத் துபாஷியம்மா என்று பட்டம். இரு மொழியாருக்கு இடையே நின்று ஒருவர் சொல்லை மற்றவர் செவியில் சேர்ப்பவரைக் குறிக்கும் அந்தப் பழஞ்சொல்லை எந்த ஏட்டிலோ கண்டெடுத்து வந்து சூட்டியவர் வாயிற்காவலர். காலையில் துபாஷியம்மா படியேறும்போதெல்லாம், "எங்க வீட்டம்மா பேசுறதை ஒரு நாள் வந்து மொழிபெயர்த்துச் சொல்லிட்டுப் போங்க. முப்பது வருஷமா ஒண்ணும் விளங்கல," என்பார் காவலர். "அது மொழி தெரியாத கோளாறு இல்ல, காது கேக்காத கோளாறு," என்பார் இவர். வாரத்துக்கு இருமுறையேனும் இது நடக்கும். இருவரும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதுபோல் சிரித்துக்கொள்வார்கள்.

திருமறையின் மொழியைத் துபாஷியம்மா சிறுவயதில் பள்ளிவாசல் பாடசாலையில் கற்றார். அதே மொழியின் பேச்சு வழக்கைக் கற்றது பின்னாளில், குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் கணவரோடு பிழைக்கப்போன நாட்டில். ஊர் திரும்பியபின், நீதிமன்றத்தில் அம்மொழி அறிந்தவரைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார். பதினொரு ஆண்டுகள் ஓடிவிட்டன. துறைமுகத்தில் கைகலந்த மாலுமிகள், கடவுச்சீட்டைத் தொலைத்த வணிகர்கள், கணவனின் கொடுமை தாளாமல் மணவிலக்கு வேண்டி வந்த பெண்கள் எனப் பலருக்கும் அவர் நாவாக இருந்திருக்கிறார்.

அத்தொழிலுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. சொல்லப்பட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வேன் என்று ஒவ்வொரு வழக்கிலும் சத்தியம் செய்ய வேண்டும். அடுத்து, பேசுபவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று தள்ளி நின்று பேசலாகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாடிக்கார மாலுமி ஒருவருக்காக, "நான் மூக்குமுட்டக் குடித்திருந்தேன். மேசைமேல் ஏறி ஆடினேன். யார் என்னைத் தள்ளிவிட்டார் என்று தெரியாது," என்று முக்காடு விலகாமல், முகம் மாறாமல் சொல்லி முடித்தார். கீழே மேசையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த சுருக்கெழுத்துக்காரி பென்சிலைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். மதியம் பதிவறைக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி, "என்னக்கா, தலைசுத்தல் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

அன்று தொடங்கிய நட்பு அது. பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கிய இரும்பு அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே இரண்டு நாற்காலி போடத்தான் இடமிருந்தது. பதினொரு ஆண்டு மதிய உணவும் அந்த இடுக்கில்தான் நடந்தது. வேறு சமயத்தவளான சுருக்கெழுத்துக்காரி, நோன்பு மாதத்தில் துபாஷியம்மாவின் எதிரில் உண்ணக் கூசி டப்பாவை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போய்விடுவாள். "போகாதம்மா, பார்த்தா பசிக்கிற வயசா எனக்கு?" என்று எத்தனை முறை சொல்லியும் கேட்டதில்லை.

அவளுக்குப் பிள்ளையில்லை. அந்தக் குறையை நிரப்பியது அவள் வீட்டு மாடியில் குடியிருந்தோரின் பெண்குழந்தை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, பள்ளி விட்டு வந்ததிலிருந்து விளக்கேற்றும் நேரம் வரை குழந்தை அவளிடந்தான் இருக்கும். ஆறு வயது. சுருக்கெழுத்துக் கோடுகளைப் பார்த்து, "அத்தை, நீ புழு வரையிறியா?" என்று கேட்டதாம். அதைத் துபாஷியம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஒரு சனிக்கிழமை முற்பகலில் பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்தது. பதினேழு பேர் இறந்தனர். பெரியம்மா வீட்டுக்குப் போகத் தாயின் கையைப் பிடித்து நின்றிருந்த அந்தக் குழந்தை பதினேழில் ஒன்று. தாய் பிழைத்தாள்.

இழவு வீட்டுக்குத் துபாஷியம்மா போனார். வாசலில் நின்றவர்கள் அவருடைய முக்காட்டைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். சுருக்கெழுத்துக்காரிதான் எழுந்து வந்து அவர் கையைப் பற்றி உள்ளே அழைத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். அவர் தோளில் அவள் சாய்ந்து அழுத அழுகையில் முக்காட்டுத் துணி நனைந்துபோயிற்று. அன்று அந்த வீட்டில் ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

பிடிபட்டவன் இருபத்திரண்டு வயது இளைஞன், வெளிநாட்டிலிருந்து வந்தவன், திருமறையின் மொழி தவிர வேறொன்றும் பேச மறுத்தான். வழக்கு இவர்கள் இருவரும் பணிபுரியும் இரண்டாம் மாடி மன்றத்துக்கு வந்தது. அம்மொழிக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லை. மாடிவீட்டுக் குழந்தை இரத்த உறவாகாது என்பதால் சுருக்கெழுத்துக்காரியையும் அந்த வழக்கிலிருந்து விதி விலக்கவில்லை. வேண்டுமானால் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் எடுக்கவில்லை. அவன் ஏன் செய்தான் என்று தன் காதால் கேட்க வேண்டும் என்றாள்.

முதல் நாளே இளைஞனின் வக்கீல் எழுந்து, மொழிபெயர்ப்பாளர் சாட்சியத்தைப் பற்றி விசாரணைக் கூடத்துக்கு வெளியே எவரிடமேனும் ஒரு வார்த்தை பேசினாலும் விசாரணையை முதலிலிருந்து தொடங்கக் கோருவேன் என்று அறிவித்தார். நீதிபதி துபாஷியம்மாவைப் பார்த்து, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இவர் தலையசைத்தார். வழக்கு கலைந்து அவன் தப்பிக்கத் தன் வாய் காரணமாகிவிடக் கூடாதே என்ற அச்சம் அந்த நொடியிலேயே அவர் நெஞ்சில் குடியேறிவிட்டது.

ஒன்பதாம் நாள் அரசு வக்கீல் அவனிடம், ஏன் செய்தாய் என்று கேட்டார். அவன் சற்றும் பதறாமல் பேசினான். துபாஷியம்மா அவன் சொன்னதை, அவன் சொன்னபடி, தன் குரலில் சொன்னார்.

"பையை நான்தான் வைத்தேன். அங்கே யார் நிற்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் எனக்கு இல்லை. இது என் இறைவன் எனக்கிட்ட கட்டளை."

பிறகு அவன் திருமறையிலிருந்து ஓதினான். முழு வசனத்தை அல்ல. அதன் நடுவிலிருந்து நான்கே சொற்களை. பகைவரைக் கண்ட இடத்தில் கொல் என்பதுபோல் ஒலிக்கும் அளவுக்கு அளந்து வெட்டி எடுத்த நான்கு சொற்கள். ஏழு வயதிலிருந்து அந்தப் பகுதி துபாஷியம்மாவுக்கு மனப்பாடம். அதற்கு முன்னே நிற்கும் வரம்பும் தெரியும். பின்னே வந்து கையைப் பற்றி நிறுத்தும் ஆணையும் தெரியும். அவை நாவின் நுனிவரை தாமே எழுந்து வந்து நின்றன. இவர் அந்த நான்கு சொற்களை மட்டும் பெயர்த்துச் சொல்லி வாயை மூடினார். கீழே பென்சில் ஓடும் ஓசை கேட்டது. அது நின்றது.

இவர் கையை உயர்த்தினார். ஐயம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்க உரிமையுண்டு.

"அவர் சொன்னதில் ஏதேனும் சொல் விளங்கவில்லையா?" என்றார் நீதிபதி.

விளங்காத சொல் எதுவுமில்லை. மன்றத்துக்கு விளங்காதது அவன் சொல்லாமல் விட்டது. அதற்குச் சத்தியத்தில் இடமில்லை.

"இல்லை, ஐயா," என்று சொல்லிக் கையைக் கீழே இறக்கினார். சுருக்கெழுத்துக்காரி தலைநிமிர்ந்து இவரைப் பார்த்தாள். பதினொரு ஆண்டில் அப்படி ஒரு பார்வையை இவர் அவளிடம் கண்டதில்லை.

மதியம் பதிவறை இடுக்கில் அவள் டப்பாவைத் திறக்கவில்லை. "அக்கா, அப்படி எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

"கேஸ் நடக்குதும்மா. முடியட்டும், எல்லாம் சொல்றேன்."

"எல்லாம் வேணாம். ஆமாவா இல்லையா, அது போதும்."

நடைவழியில் இளைஞனின் வக்கீலுடைய உதவியாளர்கள் போய்வரும் காலடி கேட்டது. துபாஷியம்மா வாசலைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொண்டாள்.

"சரி, அதையும் விடு. குழந்தையைக் கொன்னது தப்புன்னு சொல்றதுக்குமா கேஸ் முடியணும்?"

இவர் வாய் திறந்தது. தப்பு என்று ஒரு சொல்லைச் சொன்னால் அதன் பின்னாலேயே மற்ற எல்லாமும் அணை உடைந்த வெள்ளமாக வந்துவிடும் என்று நடுங்கினார். "முடியட்டும்மா," என்றார் மறுபடியும். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கூச்சத்தால் எழுந்துபோன அந்த நோன்பு நாள்களின் போக்கு அல்ல அது. நாற்காலி காலால் தள்ளப்பட்டு அலமாரியில் மோதியது.

மறுநாள் செய்தித்தாள்களில் அந்த நான்கு சொற்களும் பெரிய எழுத்தில் வந்திருந்தன. மொழிபெயர்ப்பு இவருடையது; ஓர் எழுத்தும் மாறவில்லை. 'இதுவே அவர்களின் மறை' என்று ஒரு தாள் கீழே எழுதியிருந்தது. கணவர் பழுதுபார்க்கப் போன ஒரு வீட்டில், வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். வாயிற்காவலர் இவர் கைப்பையை வாங்கித் திறந்து பார்த்தார். "மேலிடத்து உத்தரவும்மா," என்றார் பையைத் திருப்பித் தரும்போது. அவர் மனைவியைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

அன்று மாலைத் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தவர் நெடுநேரம் எழவில்லை. கணவர் கவலையோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார். உன் சத்தியத்தை நீ காத்தாய், அதுவும் இறைவன் முன் செய்ததுதானே என்றார். "சத்தியத்தைக் காத்தேங்க," என்றார் துபாஷியம்மா. "அவ கேட்ட ஒத்தைச் சொல்லுக்கு எந்தச் சட்டமும் குறுக்க நிக்கல. சாட்சியத்தைத்தான் பேசக்கூடாது. கொலை தப்புன்னு சொல்லக்கூடாதுன்னு யாரு சொன்னா? பயந்தது நான்."

ஏழு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இளைஞனுக்கு ஆயுள் முழுதும் சிறை. அந்தத் தீர்ப்பையும் அவன் காதருகே சொன்னவர் இவர்தான். சொல்லி முடித்துக் கீழே பார்த்தபோது மேசையில் வேறொரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். சுருக்கெழுத்துக்காரி இடமாற்றம் கேட்டு முந்திய வாரமே வாங்கிக்கொண்டாள் என்று சொன்னார்கள்.

துபாஷியம்மா நேரே அவள் வீட்டுக்குப் போனார். மாடியில் சன்னல்கள் மூடிக் கிடந்தன, குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். அவள் கதவைத் திறந்து, வா என்றும் சொல்லாமல் வராதே என்றும் சொல்லாமல் விலகி நின்றாள். உள்ளே போய் உட்கார்ந்தார். ஏழு வாரம் நெஞ்சில் கட்டிவைத்திருந்ததை அவிழ்த்தார்.

"அவன் ஓதினது பாதிகூட இல்லம்மா. உன்மேல போருக்கு வந்தவனோட மட்டுந்தான் போர்னு அதுக்கு முன்னாடி இருக்கு. வரம்பு மீறாதே, மீறுறவனை இறைவன் விரும்ப மாட்டான்னும் இருக்கு. அவன் நிறுத்துனா நீயும் நிறுத்துன்னு பின்னாடி இருக்கு. பொம்பளை மேல, குழந்தை மேல கை வைக்கக் கூடாதுன்னு நபிகள் படைக்கே கட்டளை போட்டாரு. போர்க்களத்துலயே கூடாதுன்னா, பஸ்ஸுக்கு நின்ன பிள்ளை மேல எப்படிம்மா? தப்பு. பெரிய பாவம். அன்னிக்கு நீ கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். அது என் குத்தம், என் மார்க்கத்தோட குத்தம் இல்ல."

அவள் முழுவதையும் கேட்டாள். ஒரு சொல் தவறவிடாமல் கேட்பது அவளுக்குத் தொழில்.

"நம்பறேன்க்கா," என்றாள். "உன் வாயில பொய் வராது. பதினோரு வருஷமா அதை எழுதினவ நான். எங்க ஆபீஸ்ல யாராவது உங்க ஆளுங்க எல்லாம் இப்படித்தான்னு சொன்னா, இல்லடான்னு சண்டைக்கே போவேன். போயிட்டுத்தான் இருக்கேன்."

துபாஷியம்மாவின் கண்கள் நிறைந்தன. அவள் கையைப் பற்றப் போனார். அவள் கையைத் தரவில்லை. மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணுக்கா. அந்தப் பையன் பேசினது எனக்குப் புரியலயே. அவன் குரலே எனக்கு ஞாபகம் இல்ல. பையை நான்தான் வெச்சேன்னு உன் குரல்லதான் கேட்டேன். யாரு நிக்கிறாங்கன்னு பாக்கலன்னு நீதான் சொன்ன. கண்ணை மூடினா குழந்தை வருது, கூடவே உன் குரலும் வருது. இப்ப நீ நல்லதுதான் சொல்ற. அதுவும் அதே குரலாத்தான் இருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

எதைச் சொல்வதானாலும் இவர் அந்தக் குரலில்தான் சொல்ல வேண்டும்.

"கோவம் இல்லக்கா," என்றாள் அவள், இவர் முகத்தைப் பார்க்காமல். "சத்தியமா இல்ல. கொஞ்ச காலம் வராத. எவ்வளவு காலம்னு எனக்குத் தெரியல."

துபாஷியம்மா எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பி நின்றார். ஒரு வீட்டிலிருந்து விடைபெறும்போது போய் வருகிறேன் என்பதுதான் நம் வழக்கம். வராதே என்று கேட்டவளிடம் அதை எப்படிச் சொல்வது? போகிறேன் என்று மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. திரும்பி வராதவர் சொல்லும் அந்தச் சொல்லை இழவு கண்ட வீட்டில் எவரும் சொல்வதில்லை. அவர் உதடுகளை மூடிக்கொண்டு, அவள் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, படியிறங்கி நடந்தார். தெருக்கோடி திரும்பும்வரை கதவு சாத்தும் ஓசை கேட்கவில்லை.