லலிதாவின் மனையில் முளைத்த அம்மன்

உங்கள் காலி மனையில் எவனோ ஒருவன் விடிவதற்குள் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை சொருகிவிட்டுப் போனால், அதைப் பிடுங்கி எறியும் துணிச்சல் உங்களுக்கு உண்டா? கை நடுங்கும். அந்த நடுக்கத்தை முதலாகப் போட்டுத்தான் நந்தகுமார் நில வியாபாரம் செய்கிறான்.

வக்கீல் ஜுலைகா தெலுங்கு நாட்டில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். சொத்து வழக்குகளிலேயே தலை நரைத்தவள். அன்று மல்காஜ்கிரி கோர்ட் வராந்தாவில் அவளுடைய கட்சிக்காரர் பெருமாள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். ஏ.எஸ்.ராவ் நகருக்குப் பக்கத்தில் அவரும் மனைவி லலிதாவும் வாங்கிய ஒரே மனை. அங்கே முப்பது வருடமாகக் கோயில் இருக்கிறது என்பது நந்தகுமாரின் கட்சி. அதற்கு ஆதாரமாக அவன் நீட்டிய போட்டோவில், அந்தக் கல்லின் முன்னால் கைகூப்பி நிற்பவள் லலிதாவேதான்!

"கும்பிடவே இல்லைன்னு இவளைச் சொல்லச் சொல்லுங்கம்மா" என்றார் பெருமாள், பக்கத்தில் நின்ற லலிதாவைக் காட்டி.

"நக்கோ அண்ணா, வேண்டாம். ஒரு பொய் சொன்னா அந்த போட்டோ உங்க மனையையே முழுங்கிடும். அக்கா, நடந்ததைச் சொல்லுங்க. போதும்."

லலிதா கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் தெலுங்கில் தொடங்கினார். போட்டோவில் இருப்பது நீங்கள்தானே? ஆமாம். கும்பிட்டீர்களா? கும்பிட்டேன். நந்தகுமார் மீசையைத் தடவிக்கொண்டான். குறுக்கு விசாரணையின் நடுவே புகுந்து விளக்கம் சொல்ல ஜுலைகாவுக்கு உரிமை இல்லை.

அத்தோடு உட்கார்ந்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் ஜெயித்திருப்பார். ஆசை விடவில்லை. "பழைய கோயில் என்று தெரிந்துதானே கும்பிட்டீர்கள்?"

"பழசா? முந்தின நாள் அதே இடத்துல செருப்புக் காலோட நின்னு மிளகாய் காயப்போட்டேன். அம்மன் இருந்தா மிதிப்பேனாய்யா? விடிஞ்சு பார்த்தா கல்லு நிக்குது. பிடுங்கப் பயமா இருந்துச்சு. 'தாயே, நீயா வேற இடம் பார்த்துக்கோ'ன்னு கும்பிட்டேன்."

தெலுங்கும் தமிழும் கலந்து வந்த அந்தப் பதிலில் கோர்ட்டே சிரித்தது. மறு விசாரணையில் ஜுலைகா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "போட்டோவில் கல்லைச் சுற்றிச் சிவப்பாகக் கிடப்பது என்ன?"

"அள்ளினது போகச் சிதறின மிளகாய். கோயிலா இருந்தா அங்க யாருய்யா மிளகாய் காயப்போடுவா?"

நீதிபதி போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து, கல் நட்டதைப் பார்த்த வெளியார் யாராவது உண்டா என்று கேட்டு, அதற்காக ஒரு வாய்தா கொடுத்தார்.

சாயங்காலமே ஜுலைகா மனை இருக்கும் தெருவில் கதவு கதவாகத் தட்டினாள். படித்தவர்கள், பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள். கல் என்றைக்கு வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். "சாமி விஷயம், எங்களுக்கு எதுக்கு மேடம் வம்பு?" என்றார்கள். இளித்தபடி ஒருவர், "உங்க பேரை வச்சுக்கிட்டு இந்தச் சாமி கேஸை எடுத்திருக்கக் கூடாது" என்று அறிவுரை வேறு சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அடுத்த கதவைத் தட்டினாள்.

அப்படி ஒரு கதவுக்குப் பின்னால் நிற்பவர் நீங்களானால், தாழ்ப்பாளைத் திறங்கள். வந்து கூண்டில் ஏறி, கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்.