திரைக்குப் பின்பக்கம்

நான் முன்பு வேலை பார்த்த சங்கத்தின் ஆண்டு மலர் போன மாதம் தபாலில் வந்தது. அதில் செல்லியம்மாளைப் பற்றி நாலு வரி போட்டிருந்தார்கள். பதினோரு ஆண்டுகள் தொழுநோய் ஒழிப்புப் பிரச்சாரத்தில் ஈடுபட்டாராம், சேலம் மாவட்டம் முழுவதும் திரைப்படக் காட்சிகளும் சொற்பொழிவுகளும் நடத்தினாராம், அனைவருக்கும் உற்ற உறவாக விளங்கினாராம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உற்ற உறவாம்! பொங்கலுக்குப் போக அந்த அம்மாவுக்கு ஒரு வீடு இருந்ததா என்று எழுதிய மகராசனுக்குத் தெரியுமா? பதிலுக்கு ஒரு கட்டுரை எழுதி மலருக்கே அனுப்புகிறேன் என்று அன்றைக்கே நோட்டும் பேனாவும் வாங்கி வந்தேன்.

என் பெயர் தீர்த்தகிரி. சங்கத்து ஜீப்பை ஓட்டியவனும் நான்தான், புரொஜெக்டரை ஓட்டியவனும் நான்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த ஆபீசிலிருந்து மத்தியானம் கிளம்புவோம். ஊர் போய்ச் சேர்ந்ததும் செல்லியம்மாள் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து இடம் கேட்பார், நான் இரண்டு மரத்துக்கு நடுவே திரை கட்டுவேன். பொழுது சாய்ந்து இருட்டியதும் படம். முதலில் நோயைப் பற்றி ஒரு சின்னப் படம், பிறகு ஒரு சாமி படம். ஊர் கூடுவது சாமி படத்துக்காக என்பது எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எங்களிடம் இருந்தது ஒரே புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீல் மாட்ட வேண்டும். மாட்ட இரண்டு நிமிஷம் போதும், நான் பத்து நிமிஷம் ஆக்குவேன். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் செல்லியம்மாள் மைக்கைப் பிடிப்பார். மீதிப் படம் பார்க்க வேண்டுமே, ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

வேலைக்கு வந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. எழுபத்து நாலாம் வருஷம். மெலிந்த உடம்பு, நரம்பு தெரியும் கை, ஆனால் குரல் மட்டும் கணீரென்று இருக்கும். என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தால் அந்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். சேலத்தில் மட்டும் ஐந்து வீடு மாறினார். பெண் பார்க்க வந்தவர்கள் வேலையைக் கேட்டதும் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். நோய் அவருக்கு இல்லை. ஆனாலும் கிராமத்தில் தண்ணீர் கேட்டால் கொட்டாங்குச்சியில்தான் ஊற்றுவார்கள். எனக்குக் கோபம் வரும். "தாகத்துக்குக் குடிக்கிற தண்ணி தானுங்ணா, எதுல குடுத்தா என்ன?" என்று வாங்கிக் குடித்துவிடுவார்.

கோபப்பட்டேன் என்று பெரிதாக எழுதிவிட்டேன். நான் மட்டும் என்ன ஒழுங்கு? வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் என் சோற்றுத் தூக்குப்போசியை ஜீப்பின் முன்சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்து, மரத்தடிக்குப் போய்த் தனியாகத் தின்றவன் நான். அவர் ஜீப்புக்குள் தனியாகச் சாப்பிடுவார். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

சங்ககிரிப் பக்கம் ஒரு ஊரில்தான் அதைக் கண்டுபிடித்தோம். காற்றில் திரை உப்பியது, கயிற்றை இழுத்துக் கட்டப் பின்னால் போனேன். அங்கே இருட்டில் ஐந்தாறு பேர் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பின்னாலும் படம் தெரியும், எழுத்து மட்டும் இடம் வலமாக மாறித் தெரியும். ஒருவர் கையைத் துண்டுக்குள் சுருட்டி மறைத்தார். நான் வந்து செல்லியம்மாளிடம் சொன்னேன்.

"அவிங்களுக்காகத் தானுங்ணா நாம வந்ததே" என்றார். அடுத்த ரீல் ஓட ஆரம்பித்ததும் எழுந்து பின்பக்கம் போய், அவர்களோடு மண்ணில் உட்கார்ந்துகொண்டார். படம் முடியும் வரைக்கும் வரவில்லை. அன்று நாலு பேர் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தார்கள். அதிலிருந்து எந்த ஊரானாலும் பேச்சு முன்பக்கம், உட்காருவது பின்பக்கம் என்று ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது, "அவங்க பக்கத்துல உக்கார உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் தன் அக்கா பாவாயியைப் பற்றிச் சொன்னார்.

பாவாயி ஏழு வயது மூத்தவள். பதினெட்டு வயதில் முதுகில் தேமல் மாதிரி வந்து, தொட்டால் உணர்ச்சி இல்லை என்று தெரிந்ததும், அப்பா கந்தப்பன் அவளைக் கிணற்று மேட்டுச் சாளைக்கு அனுப்பிவிட்டார். சாளை என்றால் காட்டில் போட்ட ஓலைக் குடிசை. சோறு கொண்டுபோவது பதினோரு வயதுச் செல்லியின் வேலை.

"வாசல்ல சோத்து வட்டலை வெச்சுட்டு ஓடியாந்துருவனுங்ணா. ஊட்டுல அப்படித்தான் சொல்லியிருந்தாங்க. செத்த நேரம் உக்காந்துட்டுப் போ செல்லின்னு தெனமும் கூப்புடுவா. ஒரு நாளும் உக்காரலை. ஒரு நா போறேன், சாளை வெறுஞ்சாளையாக் கெடக்குது."

ஊருக்கு என்ன சொன்னார்கள் என்றால், தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம் என்றார்கள். அதோடு அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. செல்லியம்மாள் இந்த வேலைக்கு வந்ததே அக்காவைத் தேடித்தான். மாவட்டத்தில் எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊருக்கும் ஜீப் போகும், என்றைக்காவது ஒரு திரைக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்கு நம்பிக்கை. ஒவ்வொரு ஊரிலும் டார்ச்சைத் தரைக்குப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பார்த்து முடித்துத்தான் உட்காருவார்.

இனி எழுதப்போவதுதான் என் வாயால் வந்த வினை. செல்லியம்மாளின் பேச்சு ஆரம்பத்தில் எடுபடவில்லை. கிருமி என்பார், நரம்பு என்பார், ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். ஒரு நாள் நான் சொன்னேன்: "இதையெல்லாம் யாரு கேக்கறாங்க? உங்க அக்கா கதையைச் சொல்லுங்கம்மா. சனம் அழுதுரும்."

"ஊர்ப் பேரெல்லாஞ் சொல்லோணுமுங்களா?"

"சொல்லாம? எந்த ஊரு, யாரு வூட்டுப் பொண்ணுன்னு தெரியாம இந்தப் பக்கத்துல எவன் நம்புவான்? எங்கயாவது இருந்து அவங்களே கேட்டாலும் தேடிக்கிட்டு வருவாங்க இல்ல."

கடைசியாகச் சொன்னதில்தான் அவர் மடங்கினார். மறு வாரமே சொல்லத் தொடங்கினார். சங்ககிரிக்குப் பக்கத்தில் ஈச்சங்காட்டுப்பாளையம், கந்தப்பன் மகள், கிணற்று மேட்டுச் சாளை, பாவாயி என்ற பெயர், வெல்லம் காய்ச்சும்போது பாகு தெறித்து இடது முழங்கையில் விழுந்த வடு, வாசலில் வைத்த வட்டல், ஒன்று விடாமல் மைக்கில் சொன்னார். "என் அக்கா உசுரோட இருந்தா வரட்டும். நான் அவகூட உக்காரோணும்" என்று முடிப்பார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். பெயர் கொடுக்க வருபவர்கள் மூன்று மடங்கு ஆனார்கள். ஆபீசில் பாராட்டினார்கள். யோசனை சொன்னது நான் என்று எனக்கு ஒரே பெருமை. அவருடைய அண்ணன் சின்னண்ணன் மட்டும், குடும்ப மானத்தைக் குழாய் வைத்து ஏலம் போடுகிறாள், இனிமேல் வாசல் மிதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். செல்லியம்மாள் போனதும் வந்ததும் அந்த ஒரு வீடுதான், அதுவும் அடைத்தது.

ஐந்து வருஷம் இப்படிப் போயிற்று. எண்பத்தொன்றில் பரமத்தி வேலூர்ப் பக்கம், காவிரிக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் நிறைந்த ஒரு ஊருக்கு முதல் தடவையாகப் போனோம். வெற்றிலை கிள்ளி முடித்துக் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். ஆற்றுக்காற்று திரையைப் பிய்த்தது. செல்லியம்மாள் பேசிக்கொண்டிருந்தார், வட்டல் கட்டம் முடிந்துவிட்டது. நான் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

அங்கே ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். முக்காட்டை இழுத்துப் போர்த்தியிருந்தாள். நான் கயிற்றோடு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் பேசற அம்மிணிக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

எனக்குக் கயிறு கையை அறுக்கிறது. முன்னால் ரீல் மாட்ட வேண்டும். "அதெல்லாம் உனக்கெதுக்கு? இப்ப கல்யாணம் ஒன்னுதான் குறைச்சல். நகரு அந்தப் பக்கம், கயிறு தடுக்குது" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் நகர்ந்தாள். ரீல் ஓட ஆரம்பித்து, செல்லியம்மாள் டார்ச்சோடு பின்னால் போனபோது அங்கே யாரும் இல்லை. அவர் வழக்கம்போல் மண்ணில் உட்கார்ந்து, தனியாகவே படம் முழுவதும் பார்த்துவிட்டு வந்தார்.

மறு வருஷம் புது மாத்திரைகள் வந்தன. அதைச் சொல்ல அதே ஊருக்குப் போனோம். திரை கட்டுவதற்கு முன்னால் ஒருவர் ஜீப்புக்கு அருகில் வந்து நின்றார். சின்னுசாமி என்று பெயர், கொடிக்கால் வைத்திருப்பவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செல்லியம்மாளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"போன வருசம் நீங்க மைக்குல சொன்னது எங்கூட்டு ஆளைத்தானுங்க அம்மிணி."

அவர் வீட்டில் பாவாயியின் பெயர் ஆத்தாயி. பதினாலு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். மாத்திரை தின்று நோய் எப்போதோ குணமாகிவிட்டது. மடங்கிய இரண்டு விரலைக் கரும்பு வெட்டும்போது அரிவாள் பட்டது என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார்கள். சங்ககிரிப் பக்கத்துப் பெண் என்பதும் முழங்கை வடுவும் ஊருக்கே தெரியும். மறுநாள் காலை குழாயடியில் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அடுத்த நாள் அவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ள ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் வீட்டில் இல்லை.

"நான் போன்னு சொல்லலீங்க" என்றார் சின்னுசாமி. பிறகு, "போவ வேண்டாம்னுஞ் சொல்லலீங்க" என்றார்.

செல்லியம்மாள் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எம் மேல கோவமா இருந்தாளுங்களா?"

"இல்லீங். எந் தங்கச்சி எத்தன தெகிரியமாப் பேசறா பாருங்கன்னு ரெண்டு நாளும் அதையேதான் சொல்லிட்டிருந்தா."

அன்றைக்குப் படத்தை நிறுத்திவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. ரீல் மாற்றும் நேரத்தில் மைக்கை வாங்கி, கிருமி என்றார், நரம்பு என்றார், புது மாத்திரை என்றார். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். நான் அந்தப் பத்து நிமிஷமும் ரீலைப் பார்த்தபடியே நின்றேன். நிமிர எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பும் வழியில் நாமக்கல் தாண்டியதும் கேட்டார்: "போன வருசம் நாம் பேசிட்டிருக்கையில கயிறு கட்டப் பின்னால போனீங்களே. யாராச்சும் இருந்தாங்களாண்ணா?"

"யாரும் இல்லம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் வேலை செய்தார். லீவு போட்டுக் கரூர், வடாற்காட்டு வேலூர், நோயாளிகள் குடியிருப்பு என்று தேடினார், கிடைக்கவில்லை. அக்கா கதையைச் சொல்லச் சொல்லி ஆபீசில் வற்புறுத்தினார்கள், முடியாது என்றுவிட்டார். பெயர் கொடுப்பவர்கள் குறைந்தார்கள், அதற்கு விளக்கம் எழுதிக் கேட்டார்கள். பின்பக்கம் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய் உட்காருவதை மட்டும் அவர் விடவில்லை. எண்பத்தைந்தில் வேலையை விட்டார். இப்போது திருச்செங்கோட்டில் ஒரு ஒற்றை அறையில் இருந்துகொண்டு தறிக்கு நூல் சுற்றுகிறார்.

மலருக்கு அனுப்புகிறேன் என்று ஆரம்பித்தேன் அல்லவா? அனுப்பப் போவதில்லை. பாவாயியை ஊரறியச் சொல்லவைத்து நான் செய்த காரியம் ஒரு தடவை போதும். எழுதியது இந்த ஒரு பிரதிதான். நாளைக்குத் திருச்செங்கோடு பஸ் ஏறிக் கையில் கொடுத்துவிட்டு வருவேன். வாயால் சொல்ல எனக்கு வக்கில்லை, அதனால் எழுத்தில்.

செல்லியம்மா, அன்னைக்குப் பின்னால ஆள் இருந்தாங்க. பேச்சு பூரா நின்னு கேட்டாங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆச்சான்னு எங்கிட்டதான் கேட்டாங்க. நான் விரட்டிட்டேன்.