குதிரை விழுங்கிப் பள்ளத்து வெல்டா

எங்கள் ஊரில் யாரைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். எவன் குடித்துவிட்டு வண்டியை ஓடையில் இறக்கினான், எவள் எவனோடு போனாள் என்பதையெல்லாம் என் முடிவெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடி தாராளமாகப் பேசுவார்கள். ஒன்றைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவன் தன் இடத்தில் ‘விற்பனைக்கு’ என்று பலகை நட்டுவிட்டால் போதும், அந்த மண்ணை யாரும் குறை சொல்லக் கூடாது. இன்றைக்கு அவன் விற்கிறான், நாளைக்கு நாம் விற்போம் என்ற கணக்குதான். ஆனால் இதற்கு நல்ல மனசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நல்ல மனசு கவிழ்த்துவிட்ட பெண்தான் வெல்டா ராஸ்கோ. மர ஆலையில் அறுபட்டு, ஓடும் சங்கிலியின் மேல் ஈரத்தோடு வரும் பலகைகளை இழுத்து அடுக்குவது அவள் வேலை. திடமான ஆண்களே ஒரு வருஷத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும் வேலை அது. வெல்டா ஓடவில்லை. மொன்டானாவின் கோதுமைச் சமவெளியிலிருந்து புருஷனோடு வந்தவள். அந்த ஆள் அலாஸ்காவுக்கு மீன்பிடிக்கப் போகிறேன் என்று போய் அப்படியே மறைந்தான். ஒற்றை ஆளாக மகளை வளர்த்து, படிக்க வைத்து, கீழே ஆற்றோர நகரத்தில் கட்டிக்கொடுத்தாள். அத்தனை வருஷமும் ஆலைச் சுவரை ஒட்டிய வாடகை வீட்டில் ரம்பச் சத்தத்துக்குள் குடியிருந்தாள். வேலையை விட்டபிறகு எந்தச் சத்தமும் கேட்காத ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

அந்த ஆசையை மோப்பம் பிடித்தவன் ராய்ஸ் ஹாட்லின். எங்கள் ஊர் நிலத்தரகன், ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைத் தட்டோடு வருபவனும் அவனே. ஊருக்கு மேலே, ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தை மனைகளாகப் பிரித்து ‘வெள்ளி ஸ்ப்ரூஸ் தோட்டம்’ என்று பலகை வைத்திருந்தான். மரம் வெட்டுகிறவர்கள் அதைக் குதிரை விழுங்கி என்பார்கள். டிராக்டர் வருவதற்கு முன் மரம் இழுத்த காலத்தில் ஒரு ஜோடிக் குதிரைகள் அங்கே சேணத்தோடு சேற்றுக்குள் போயின. அதன்பிறகு நிலம் உறைந்து கிடக்கும் நாட்களில் தவிர ஒருவனும் அங்கே மரம் இழுக்கப் போவதில்லை.

தெற்கே ஏதோ ஒரு மலை பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் வெடித்தபோது காற்றில் வந்து விழுந்த சாம்பல்தான் எங்கள் ஊர் மண். மேட்டில் விழுந்த சாம்பலில் மரங்கள் கொழுகொழுவென்று வளர்கின்றன. பள்ளத்தில் விழுந்தது, மலையிலிருந்து இறங்கும் பனித் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறிப்போய்க் கிடக்கிறது. ஆனால் ஆகஸ்டில் போய்ப் பாருங்கள். மேலே ஒரு சாண் ஆழத்துக்குக் காப்பிப்பொடி நிறத்தில், மாவு மாதிரி மெத்தென்று, ஒரு கல்கூட இல்லாமல் இருக்கும். மண்வெட்டியில் அள்ளினால் வெறும் மண்வெட்டியைத் தூக்கியதுபோல் கனமே தெரியாது. யாருக்கும் ஆசை வரும்.

கழிவுத்தொட்டி வைப்பதற்கு முன் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, மண் குடிக்கிறதா என்று அதிகாரி பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்த மாதத்தில் பார்க்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ராய்ஸ் எப்போதும் ஆகஸ்டில்தான் அழைத்து வருவான். அதுவும் மேட்டோரமாக ஒரு குழி வெட்டி வைத்திருப்பான். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்தில் காணாமல் போகும். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு ராய்ஸ் வாங்கித் தந்த மதியச் சாப்பாட்டுக்குப் போவார்.

இதெல்லாம் வெல்டாவோடு சங்கிலியில் நின்று பலகை இழுத்தவர்களுக்குத் தெரியும். பாதிப் பேர் மரம் வெட்டப் போய் அந்தப் பள்ளத்தில் பூட்ஸைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள். அவள் வெள்ளி ஸ்ப்ரூஸ் தோட்டத்தில் இடம் வாங்கிவிட்டேன் என்று சொன்னபோது ஒருவன்கூட அந்தப் பள்ளமா என்று கேட்கவில்லை. கேக் வாங்கி வந்து, மெழுகுவத்தி ஏற்றி, கைதட்டி அனுப்பிவைத்தார்கள். அந்தக் கேக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மே மாதம் மேலே பனி உருகியது. வெல்டா லாரியில் கொண்டுவந்து கட்டைகள் மேல் நிறுத்தியிருந்த தயார் வீடு ஒரு மூலையில் இறங்க ஆரம்பித்தது. கதவு சாத்தவில்லை. மேசையில் வைத்த முட்டை தானாக உருண்டு கீழே விழுந்தது. கழிவறையில் போனதெல்லாம் திரும்பி மேலே வந்தது. லாரியில் கல் கொண்டுவந்து கொட்டி இயந்திரத்தால் இடித்து இறுக்கப் பார்த்தாள். அந்த மண்ணை இடிக்க இடிக்க இன்னும் இளகும். கல் முழுவதும் உள்ளே போயிற்று. ஜூலையில் ஒரு விடியற்காலை, உருளைக்கிழங்குச் செடி எல்லாம் உறைபனியில் கறுத்துப்போய்க் கிடந்தது. மலையின் குளிரெல்லாம் இரவில் இறங்கி வந்து படுத்துக்கொள்ளும் இடமும் அந்தப் பள்ளம்தான்.

அவள் ராய்ஸிடம் போனாள். அவன் பதறவே இல்லை. வித்துக் கொடுத்துட்டாப் போச்சு என்றானாம். ஆகஸ்டில் ஆள் கொண்டுவருகிறேன், நீ சும்மா இருந்தால் போதும் என்றானாம். வெல்டாவுக்கும் விற்க வேண்டியிருந்தது. சேமித்ததெல்லாம் அந்தச் சேற்றுக்குள் இருந்தது. விற்றால் மகள் இருக்கும் நகரத்தில், காய்ந்த தரையில், ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போகலாம். விற்காவிட்டால் சாகும்வரை அங்கேதான்.

சொன்னபடியே ஆகஸ்டில் ஒரு இளம் ஜோடியைக் கூட்டி வந்தான். டேரிக், ட்ரினா, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அந்தப் பெண் குனிந்து மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தாள். தக்காளி போடலாம் என்று புருஷனிடம் சொன்னாள். அதைக் கேட்டதும் வெல்டா உள்ளே போய் மண்வெட்டியை எடுத்து வந்துவிட்டாள். சும்மா இருக்க அவளுக்கு வரவில்லை. முழங்கால் ஆழம் வெட்டி, அடியிலிருந்து துருப்பிடித்த கோடுகளோடு சாம்பல் நிறக் கட்டி ஒன்றை எடுத்து ட்ரினாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“கெட்டியாத்தானே இருக்கு? இப்ப நல்லா அமுக்கிப் பாரு.”

ட்ரினா அமுக்கினாள். கட்டியாக இருந்தது திடீரென்று விட்டுக்கொடுத்து, விரலிடுக்கு வழியாகத் தண்ணீராக ஒழுகியது. அவள் கையை உதறினாள்.

“மே மாசம் உன் வீட்டுக்கு அடியில இதுதான் இருக்கும்மா. கொழந்தைய வச்சுக்கிட்டு இங்க வராத” என்றாள் வெல்டா.

ராய்ஸ் சிரித்தான். அவர்களைத் தோளில் கைபோட்டு நகர்த்திக்கொண்டே, “வெல்டா ரொம்ப நாளா தனியா இருக்கா. அதான் இப்படி” என்றான்.

அவர்கள் ஊருக்குள் போய் விசாரித்தார்கள். பெட்ரோல் பங்கில், மளிகைக் கடையில், சபையில். நல்ல மண்ணுதான் என்றார்கள் எல்லோரும். பாவம் வெல்டா, வயசாகுது என்றார்கள். வெல்டா இடத்தை வாங்கியிருந்தாலாவது அவள் கைக்குப் பணம் வந்து தப்பித்திருப்பாள். அவர்கள் அதை விட்டுவிட்டு, அடுத்தாற்போல் இன்னும் தாழ்வாக இருந்த மனையை ராய்ஸிடம் வாங்கினார்கள்.

அதோடு வெல்டாவை ஊர் கை கழுவியது. மனை விலையைக் கெடுக்கிறாள் என்று குற்றம். அந்தச் செப்டம்பர் சபை விருந்துக்கு ஹக்கிள்பெரி என்ற காட்டுப்பழம் பறித்து இனிப்பு அடை சுட்டு எடுத்துப் போனாள். எல்லாத் தட்டுகளும் காலியாயின. அவள் தட்டு மட்டும் ஒரு துண்டுகூட வெட்டப்படாமல் முழுசாகத் திரும்பியது. அதை அவள் தன் மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டிப் போனாள். என் கடைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டாள், என் வாடிக்கையாளர்கள் எழுந்துபோய்விடக் கூடாதாம். நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அதற்காக எழுந்து போனவர்களும் உண்டு. அவர்கள் தலையை வேறு யாராவது வெட்டட்டும்.

மறு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வெல்டாவுக்குப் பின்கழுத்து முடியைச் சீர்செய்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ட்ரினா நின்றாள். குழந்தை இடுப்பில். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் வெறும் காலுறை, முட்டிவரை சேறு. உங்கள் கழிவறையைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அவர்கள் வீட்டில் எல்லாம் மேலே வந்துவிட்டதாம்.

வெல்டா அதற்குள் மேட்டில், பாறைக்குப் பக்கத்தில், ஒரு மரக் கழிவறை கட்டியிருந்தாள். அங்கே போகச் சேற்றின் மேல் பலகைகள் போட்டிருந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு வழியைக் காட்டினாள். திரும்பி வந்து ட்ரினா அழுதாள்.

“நீங்க சொன்னீங்கம்மா. ஆனா ஊரே நல்ல மண்ணுன்னு சொல்லுச்சு. ஒருத்தங்க தப்பா சொல்லலாம், ஊரே தப்பா சொல்லுமான்னு நெனச்சோம்.”

வெல்டா காப்பி போட்டாள். அந்த மே முழுவதும் ட்ரினாவும் அவள் புருஷனும் அந்தப் பலகைகள்மேல்தான் போய்வந்தார்கள். குழந்தை வெல்டா வீட்டுச் சாய்ந்த தரையில்தான் நடக்கக் கற்றது. பந்தை விட்டால் அது தானாக மூலைக்கு ஓடும், குழந்தை பின்னாலேயே போகும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி உண்மை பேச இரண்டு வாய் இருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆகஸ்டில் ட்ரினா வீட்டு முன்னால் ராய்ஸின் பலகை முளைத்தது. பள்ளம் மறுபடியும் காய்ந்து மெத்தென்று கிடந்தது. ராய்ஸ் ஒரு நடுத்தர வயது ஆளையும் அவன் அம்மாவையும் கூட்டி வந்தான். அந்த அம்மாள் கைத்தடி ஊன்றி நடந்தாள். தடி மண்ணில் சுலபமாக இறங்குவதைப் பார்த்து, பூமி எவ்வளவு மிருதுவா இருக்கு என்று மகிழ்ந்துபோனாள்.

வெல்டா தன் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலியிலிருந்து எழுந்தாள். பாதி முடிதான் வெட்டியிருந்தேன். கழுத்தில் துண்டோடு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து மனைக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். முன்போலவே வெட்டி, அடிமண்ணை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினாள். இதை அமுக்கிப் பாருங்க, மே மாசம் இந்த வீடு நிக்காது, வேணும்னா இந்தப் பொண்ணையே கேளுங்க என்றாள்.

எல்லோரும் குழந்தையோடு வாசலில் நின்ற ட்ரினாவைப் பார்த்தார்கள். ராய்ஸ் மட்டும் பார்க்கவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும்போலிருக்கிறது. ட்ரினா குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். குழந்தை வெல்டாவைக் கண்டதும் கையை நீட்டிக்கொண்டு தாவியது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வெல்டாம்மா ரொம்ப நாளா தனியா இருக்காங்க” என்றாள் ட்ரினா. “அதான் இப்படி.”

நான் கத்தியிருப்பேன். வெல்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்த அம்மாவும் மகனும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போனார்கள். ட்ரினா குடும்பம் வீட்டை அவர்களுக்கு விற்றுவிட்டு அந்த மாதக் கடைசியிலேயே காலி செய்துகொண்டு போயிற்று. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு சபையில் அவளுக்கு விருந்து வைத்தார்கள். அவள் கொண்டுபோன தட்டு காலியாகத்தான் திரும்பியது என்று எனக்குச் சொன்னார்கள். ஊரைச் சொல்வதா, அவளைச் சொல்வதா என்று தெரியவில்லை, இரண்டு பேரையும் சொல்கிறேன்.

மண்வெட்டியோடு திரும்பி வந்த அன்றைக்கு மீதி முடியை வெட்டும்போது ட்ரினாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இருந்தேன். வெல்டா கையில் ஒட்டியிருந்த சேற்றைத் துண்டில் துடைத்தபடி மேட்டுக் கழிவறைக்குப் போகும் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பலகை அகலம் பத்தாது” என்றாள். “தடி ஊன்றதுக்கு எடம் வேணும்ல. அந்தம்மாவுக்கு. பனி விழறதுக்கு முன்னாடி இன்னொரு வரிசை போட்டுரணும்.”