“இன்ஃப்ளூயன்ஸுன்னா என்னங்க டீச்சர்?”

எண்பதுகளின் நடுவில், காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணன் தனியார் பஸ் டிரைவர். தர்மபுரிக்குப் போய்த் திரும்புகிற வண்டி.

ஒரு மார்கழியில் ஊர் முழுக்கக் காய்ச்சல் பரவியது. அண்ணனையும் படுக்க வைத்தது. காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை. லீவு நீண்டால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்ற பயத்தில், இருமல் டானிக்கைக் குடித்துக்கொண்டே வண்டி எடுத்தார். அப்படிப் போன ஒரு காலையில், புளியமரத் திருப்பத்தில், கடலை மூட்டையோடு சைக்கிளில் வந்த ஒருவர் பஸ்ஸில் சிக்கினார். உயிர் தப்பியது. ஒரு கால் போய்விட்டது. அவருடைய மகள் என் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

கூடிய கூட்டத்தில் யாரோ, டிரைவர் வாயில் வாடை அடிக்கிறது என்றார்கள். போலீஸ் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் சர்டிபிகேட் வாங்கியது. ஜாமீனில் வந்ததும் அதன் நகலை என்னிடம் நீட்டினார்.

“என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு கண்ணு.”

மதுவின் வாடை இருக்கிறது, ஆனால் ஆள் அதன் இன்ஃப்ளூயன்ஸில் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“போதை உங்கள ஆட்டி வைக்கலைன்னு போட்டிருக்காங்கண்ணா.”

“அப்ப நான் குடிச்சேங்குதா, குடிக்கலேங்குதா?”

“வாடை இருந்துச்சுங்குது.”

“அது டானிக் வாடைன்னு டாக்டருகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னனே. அத எழுதலையா?”

எழுதவில்லை. அண்ணி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பொங்கல் முடிந்து, கால் போனவரின் மகள் பள்ளிக்கு வந்தாள். அன்றைய பாடத்தில் இன்ஃப்ளூயன்ஸா என்ற நோயின் பெயர் வந்தது. போன மாதம் எல்லோருக்கும் வந்ததே, அந்த மாதிரிக் காய்ச்சல் என்று விளக்கினேன். அவள் எழுந்து நின்றாள்.

“இன்ஃப்ளூயன்ஸுன்னா என்னங்க டீச்சர்?”

“இப்பத்தானே சொன்னேன்?”

“காய்ச்சல் இல்லீங்க. டிரைவருக்கு இன்ஃப்ளூயன்ஸ் இருக்குது, கேஸு நிக்காதுன்னு எங்க மாமா சொன்னாரு. அது.”

டிரைவர் என் அண்ணன் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

“செல்வாக்கு” என்றேன். “பெரிய மனுசங்க ஒரு வார்த்த சொன்னா காரியம் நடக்குதில்ல, அது.”

“அப்ப அது நெசந்தானுங்களா?”

துடுக்காகக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உட்காரச் சொன்னேன்.

சாயங்காலம் பள்ளி நூலகத்தின் பெரிய அகராதியைப் பிரித்தேன். வானத்து நட்சத்திரங்களிலிருந்து மனிதருக்குள் வழிந்து இறங்கி, அவர்கள் போக்கையே மாற்றும் ஒன்றுக்குத்தான் முதலில் அந்தப் பெயராம். காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியபோது, அதுவும் நட்சத்திரங்களின் வேலை என்று இத்தாலிக்காரர்கள் அதே சொல்லை நோய்க்கும் வைத்துவிட்டார்கள். போதைக்கும் பெரிய மனிதர்களுக்கும் அது எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள அகராதி தேவைப்படவில்லை. வெளியிலிருந்து ஒன்று உள்ளே புகுந்து ஆளை நடத்துகிறது. அவனுடைய சொந்த வாக்குக்கு அங்கே இடமில்லை. காய்ச்சலின் மிச்சத்தோடு வண்டி ஏறியவர் என் அண்ணன். அவர் சொன்னதை மட்டும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அதற்குமேல் படிக்க முடியாமல் மூடி வைத்தேன்.

அந்த வாரம் அண்ணன் வண்டியின் கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

“மொதலாளி நேராப் போயி டாக்டரப் பாத்துட்டாருங்க. இல்லீன்னா வேற மாதிரி எழுதியிருப்பாங்க.”

அண்ணன் முகம் செத்துப்போனது. “நான் குடிக்கவே இல்லியே. எதுக்குப் போயி பாக்கணும்?”

“வண்டி பேரு கெட்டுப்போயிருமில்லீங்க.”

கண்டக்டர் போன பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். “நீயாச்சும் நம்பறயா?”

“நம்பறேண்ணா” என்றேன். டானிக் பாட்டிலை நான் கண்ணால் பார்த்தவள். இருந்தும் யோசித்துவிட்டுச் சொன்னது போல என் குரல் எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். எழுதியிருந்தது உண்மையாகவே இருந்தாலும், முதலாளி போய்ப் பார்த்த பிறகு அந்தச் சர்டிபிகேட்டை எங்களாலேயே நிம்மதியாக நம்ப முடியவில்லை.

கேஸ் நிற்கவில்லை. அந்தப் பெண் பரீட்சை எழுதாமலே பள்ளியை விட்டு நின்றாள். அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா தண்ணீர் கொடுத்தார்.

“நான் கூலிக்குப் போனா, அவுரப் பாத்துக்க வூட்டுல ஒரு ஆளு வேணுமில்லீங்க டீச்சர்.”

கோபமே இல்லாத குரல். மகள் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

அண்ணன் மறுபடி வண்டி ஓட்டினார். அந்த வழியில் காலையில் அது ஒன்றுதான் பஸ். சந்தை நாளில் அந்தப் பெண்ணின் அம்மாவும் வேறு வழியில்லாமல் அதில்தான் ஏற வேண்டியிருந்தது. பின்படி வழியாக ஏறி, கடைசி சீட்டில் உட்காருவாராம்.

“கண்ணாடியில பாத்தா அந்தம்மா என்னையவே பாக்குது” என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்.

சித்திரை பிறப்பதற்குள் அந்த வேலையை விட்டுவிட்டு, ஓசூர் பக்கம் லாரிக்குப் போக முடிவு செய்தார். கிளம்புவதற்கு முதல் நாள் கால் போனவரின் வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தார். வந்ததும் முகம் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். அந்த மனிதர் என்ன கேட்டார் என்று அண்ணி மெதுவாக விசாரித்தார்.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அவுரு ஒண்ணுமே கேக்கல” என்றார்.