பசாமில் கேட்ட மேளம்

அம்மாவின் செத்தவீட்டுக்கு வெளிநாட்டிலிருந்த தம்பியால் வர முடியவில்லை. அந்தக் குறை அவனை அரித்துக்கொண்டே இருந்தது. வருட நினைவுப் பூசைக்கு முன், அம்மா பாடிய பசாமுக்குப் புது இசை போட்டு ஒரு பாட்டுச் செய்யப்போகிறானாம். அதற்கு அம்மாவின் குரல் மட்டும் தனியே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

பசாம் என்பது தவக்காலத்தில் எங்கள் மன்னார்ப் பெண்கள் கூடியிருந்து யேசுவின் பாடுகளை அழுதழுது பாடுவது. எங்கள் வீட்டில் ஒருமுறை பாடியது பழைய கசெட்டில் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றி, பாட்டைப் பிரிக்கும் செயலியிடம் கொடுத்தேன். குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நாலு துண்டாக்கித் தந்தது. பேஸில் ஒன்றுமில்லை. மற்றவையில் ஒரு கழுதை கத்தியது. டிரம்ஸைத் திறந்தால் டம், டம் என்று ஒரு சத்தம். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் மேளமா? கோயில் சாமியார் கேட்டிருந்தால் எங்களைத் தொலைத்திருப்பார்! சனியன் பிடித்த மெஷின் என்று திட்டிக்கொண்டே நாலையும் அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் தலையிடி. குரல் துண்டில் ஐந்தாறு பெண்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். மெல்லிய குரல்தான் அம்மா என்றேன். தடித்த குரல் என்றான் அவன்.

"எனக்கு அம்மாவின்ர குரல் தெரியாதோடா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. பெற்ற தாயின் குரல்! வெட்கமாக இருந்தது.

அன்றைக்குக் கூடப் பாடிய சின்னம்மா நானாட்டானில் இருக்கிறா. கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவ கண்ணை மூடிக்கொண்டு கேட்டா.

"மெல்லிசா இழுக்கிறது நான், பிள்ளை."

"அப்ப தடிச்ச குரல் அம்மாவோ?"

"சீச்சீ, அது பக்கத்து வீட்டு மனிசி."

"அப்ப அம்மா எங்க சின்னம்மா?"

"கொம்மாவுக்கு அண்டைக்குத் தொண்டை கட்டிப்போச்செல்லே. ஒரு சொல்லும் வரேல்லை. ரெக்கோடரை மடியில வைச்சுக்கொண்டு, இப்பிடி நெஞ்சில அடிச்சு அடிச்சு அழுதுகொண்டு இருந்தவ."

சின்னம்மா கையைப் பொத்தித் தன் நெஞ்சில் அடித்துக் காட்டினா. டிரம்ஸ் துண்டைத் திறந்தேன். டம். டம். அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். நான் வாய் திறக்கமுன் அவன் தொடங்கிவிட்டான்.

"அக்கா, பாட்டு முடிஞ்சுது. நீங்கள் சொன்ன மெல்லிசுக் குரலையே வைச்சிட்டன். கேக்கக் கேக்க அம்மா பக்கத்தில இருக்கிறமாதிரிக் கிடக்கு. அந்த டம் டம் குப்பையைத்தான் தூக்கி எறிஞ்சனான்."

"தம்பி, அதைத் திருப்பி எடு."

"ஏனக்கா?"

"அதுதானடா அம்மா."