மூலையில் நிற்கிறவள்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்த அக்கா, ஓட்டோ நிறையப் பூச்சட்டியும் கன்றுமாக விற்க வந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற ஏறாவூர் முஸ்லிம் அண்ணன். என் கணவர் இல்லை. விடியமுன் வலையோடு வாவிக்குப் போனவர், வெயில் ஏறியும் வரவில்லை.

அவர் வராததும், ஹோல் மூலையில் செடி சரிந்து கிடந்ததும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. அது அம்மாவின் செடி. வாள் மாதிரி நிமிர்ந்த இலைகள், ஓரத்தில் மஞ்சள் கரை. பெயர் அம்மாவுக்கும் தெரியாது. "மூலையில நிக்கிறவள்" என்பாள். என்னிடம் தரும்போது ஒரு சொல்லும் சொல்லித் தந்தாள்: "அப்பா செத்துப்போன கிழமை இதில ஒரு இலை மடிஞ்சது, புள்ள." சும்மா சொன்னதுதான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. இப்படிப்பட்ட சொல் மட்டும் மறக்காது.

மாரி வெள்ளம் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டியபின் வாவியில் இழுவை அதிகம். அவர் தோணி ஏறும் ஒவ்வொரு விடியலிலும் செடிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். அவர் வரச் சுணங்கினால் இன்னொரு செம்பு. இலை பழுக்கப் பழுக்க இன்னும் கூட்டி ஊற்றினேன். அன்று பாதி இலைகள் அடியோடு சாய்ந்துவிட்டன.

காக்கா எட்டிப் பார்த்தார். "இது பாம்புச் செடி, தங்கச்சி."

"பாம்பு வருமா காக்கா?"

"பேர்தான் பாம்பு. கடிக்கப் பல்லில்ல."

அக்கா ஓர் இலையைக் கிழித்து நாரை இழுத்துப் பார்த்தாள். "என்னகா இது, நம்மட வயல் வட்டைக் கரையில நிக்கிற மருள்ட சாதிதானே. இவள் கரை வச்ச சாறி உடுத்திருக்காள், அவ்வளவுதான்."

பிளாஸ்டிக் வாளியைச் சரித்தாள். சேற்று நாற்றம். அடியில் துளையே இல்லை. அம்மாவின் சட்டி வெடித்தபோது வாளிக்கு மாற்றியது நான்.

"வேரெல்லாம் அழுகிட்டு. மருள் புடிச்சது இதுக்கில்ல, உனக்கு!"

மருள் என்றால் பயமும்தானே. காக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவர இன்னும் காணல்லியேக்கா."

"வருவார். கத்திய எடு."

அழுகியதை வெட்டி எறிந்து, நல்ல இலைகளைத் துண்டாக்கினோம். வெட்டிய வாய் காய்ந்த பிறகு, தலைகீழாகாமல் மணலில் ஊன்றச் சொன்னாள் அக்கா. காக்கா ஒரு மண்சட்டியை இறக்கி வைத்தார்.

"ஒண்டு சொல்றன், தங்கச்சி. இலையில இருந்து வாற முளைக்கு இந்த மஞ்சள் கரை வராது. வெறும் பச்சைதான்."

கரையில்லாத சாறி. எங்கள் ஊரில் அதைக் கணவன் போனவள்தான் உடுப்பாள் என்று காக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் செடியைத்தான் சொன்னார். என் கை செம்பைத் தேடிப் போனது.

அப்போது வாசல் படலை திறந்தது, அவர்தான். "வலை கண்டல் வேரில மாட்டிட்டு புள்ள. குடிக்கத் தண்ணி தா."

"மறுகா என்ன பாக்கிறாய்? அந்தச் செம்ப அவருக்குக் குடு" என்றாள் அக்கா.

காக்கா காசு வாங்கவில்லை. "முளைச்சாத் தாங்க. முளைக்காட்டி வேணாம்."

துண்டுகள் மணலில் நிற்கின்றன. முளைக்காவிட்டால் அம்மாவின் செடி போய்விடும். முளைத்தால் கரையில்லாமல் வரும். இரண்டையும் நினைத்தால் செம்பை எடுத்து, ஊற்றாமல் வைத்துவிடுகிறேன். அவர் இன்றும் வாவிக்குப் போயிருக்கிறார். தெருவில் காக்காவின் ஓட்டோச் சத்தம் கேட்டால், முளைச்சுதா என்று கேட்பாரே என்று உள்ளே போய்விடுகிறேன். அந்தச் சட்டிக்கு நான் இன்னும் கொடுக்காத காசு நானூற்றைம்பது ரூபா.