நீலத் திரையை மறைத்தவர்

கடைத்தெருவில் அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். ஒரு காலத்தில் அடுத்தவர்களுடைய கம்ப்யூட்டர் பெட்டிகளைத் தோளில் சுமந்து மாடி ஏற்றியவர். இப்போது அதே பெட்டிகள் பழுது பார்க்க ஆட்டோ பிடித்து அவர் கடையைத் தேடி வருகின்றன. சும்மா வந்த உயர்வா இது? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அல்லது அவர் பள்ளிக்கூடத்தை விட்டார். இரண்டு தரப்புக்கும் அதில் வருத்தமில்லை. சுமை தூக்கிய கடையில் முதலாளி இல்லாத ஒரு மதியம், உயிர் போன கம்ப்யூட்டர் ஒன்றைத் துணிந்து திறந்தார். தூசி தட்டினார். மூடினார். ஓடியது. எதனால் ஓடியது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. தெரியாமலே ஓட வைக்கிறவன்தான் கைராசிக்காரன். தெரிந்து ஓட வைக்க யாராலும் முடியும்.

ஆங்கிலம் அவருக்குத் தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி. பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் முகம் பார்த்தால் இன்னார் என்று சொல்லிவிடுவார். யெஸ் யார், கேன்சல் யார், எர்ரர் யார் என்பதெல்லாம் அத்துப்படி. அவர்களில் அவருக்கு மிகவும் வேண்டப்பட்டவர் கன்டினியூ. எந்த மிஷின் எதைக் கேட்டு மல்லுக்கு நின்றாலும் கன்டினியூவை அழுத்தினால் வேலை நகர்ந்துவிடும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கிறார். ஒரு தடவைகூடக் காலை வாரிவிட்டதில்லை.

கம்ப்யூட்டரை ஓட்டுகிற இலவச சிஸ்டமான லினக்ஸைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். பழைய பெட்டிகளில் ஏற்றினால் கிழம் குமரியாகி ஓடும். பழைய சிஸ்டத்துக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நீலமாக ஒரு திரையைக் காட்டி, அதில் வெள்ளை எழுத்தில் எதையோ முணுமுணுத்துவிட்டுப் படுத்துவிடும். "நான் ஏத்துன மிஷின்ல நீலத் திரை வந்தா, அன்னைக்கே கடையை இழுத்து மூடிடுறேன்" என்று அவர் சொல்லாத ஆள் கடைத்தெருவில் இல்லை. முக்கியமாக, மைத்துனன் காதில் விழும்படி சொல்வார். மனைவியின் தம்பியான அவன் ஏதோ பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். லினக்ஸ் என்றாலே உதட்டைப் பிதுக்குவான்.

மனைவி அவரைப் போல இல்லை. கையில் கிடைத்ததை எல்லாம் படிப்பாள். மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூடக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, நூலக உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். பக்கத்துக் கிளை நூலகத்தில் இடம் ஒன்று காலி. இறுதித் தேர்வில் தேறினால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்வு வீட்டிலிருந்தே, மடிக்கணினியில், கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதவேண்டியது. இந்தத் தடவை தவறினால் அடுத்த வருஷம்தான். அதற்குள் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

மடிக்கணினி தம்பி வாங்கிக் கொடுத்தது. தேர்வுக்கு முதல் நாள், அது கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, பாருங்கள் என்று கணவரிடம் கொடுத்தாள். கேட்டது அவ்வளவுதான். அவர் மொத்தத்தையும் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸை ஏற்றிவிட்டார். தன் போனை ஒயரால் செருகி, அதன் வழியாக இணையத்தை இழுத்து, எல்லாம் சிட்டாகப் பறக்கிறது என்று காட்டவும் காட்டினார். மறுநாள் காலை தேர்வு விதிகளை அவள் இன்னொரு முறை படித்தாள். அறைக்குள் கைபேசி இருக்கவே கூடாது. சரி என்று போனைப் பிடுங்கினார். இணையமும் கூடவே போய்விட்டது. வைஃபை அடையாளம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

விஷயம் இதுதான். மடிக்கணினிக்குள் வைஃபைக்கென்று ஒரு சில்லு இருக்கிறது. அதோடு எப்படிப் பேசுவது என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுக்கும் குட்டி மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அந்தச் சில்லுக்கான டிரைவர் லினக்ஸோடு வராது, தனியாக இறக்கவேண்டும். இதுவரை அவர் ஏற்றியதெல்லாம் ஒயர் செருகுகிற மேசைப் பெட்டிகள். அவற்றில் இந்த வில்லங்கம் இல்லை. இதிலோ ஒயர் செருக ஓட்டையே இல்லை. கடையில் இருக்கும் பெட்டிகளை எடுத்து வரலாம் என்றால் ஒன்றிலும் கேமரா கிடையாது.

அந்த நேரம் பார்த்து, அக்காவை வாழ்த்திவிட்டுப் போக மைத்துனன் வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டான்.

"பழசே இருந்திருக்கலாம்ல, மாமா?"

"நீ வேடிக்கை மட்டும் பாரு, மாப்ளே."

மறுபடி போனைச் செருகினார். டிரைவரை இறக்கினார். நடுவில் மிஷின் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது, வைத்தார். எல்லாம் முடிந்தது என்றது. பெருமையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிஷினை அணைத்து மறுபடி போட்டார்.

நீலத் திரை வந்தது.

வாழ்க்கையில் எத்தனையோ சுமைகளைத் தூக்கியவர், அந்த ஒரு கணத்தில் ஆடிப்போனார். முழு நீலம், வெள்ளை எழுத்து. பின்னால் மைத்துனன். சட்டென்று எழுந்து, சோம்பல் முறிக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்துத் திரையை மறைத்து நின்றார். ஓரக்கண்ணால் பார்த்தார். முதல் வரியிலேயே அவருடைய பழைய சிநேகிதர் கன்டினியூ நின்றுகொண்டிருந்தார். இடது கையைப் பின்னால் விட்டுத் தட்டினார். நீலம் போனது, மிஷின் ஓடியது. வைஃபை மட்டும் வரவில்லை.

டிரைவர் சரியாக உட்காரவில்லை போல என்று மறுபடி ஏற்றினார். மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி நீலம், மறுபடி சோம்பல் முறிப்பு, மறுபடி கன்டினியூ. வைஃபை இல்லை. அடுத்த முறை ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் மறைத்தார். அதற்கடுத்த முறை துண்டை எடுத்து உதறினார்.

மைத்துனன் கொட்டாவி விட்டான். உடம்புக்கு முடியலையா மாமா, ரொம்ப நெளியிறீங்களே என்று விசாரித்தான். காலையில் உடற்பயிற்சி பண்ணவில்லை, அதான் என்றார்.

மனைவி அதுவரை மூலையில் உட்கார்ந்து பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் பீரோக் கண்ணாடியில் கணவரின் விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு நீலம் தெரிந்ததை இரண்டு முறை பார்த்துவிட்டாள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தம்பியைக் கூப்பிட்டு, வீட்டிலிருக்கிற போன்களை எல்லாம் பொறுக்கி எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். கணவர் பதறிப்போய், டிரைவர் இறக்கத் தன் போன் வேண்டும் என்றார். அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு அவன் படியிறங்கினான். அவள் கதவைச் சாத்தினாள்.

"இப்பக் காட்டுங்க."

"எதை?"

"துண்டுக்குப் பின்னாடி இருக்கிறதை."

"அது ஒண்ணுமில்ல. தானா போயிடும்."

"அது போறதுக்குள்ள என் பரீட்சை போயிடும். தள்ளி நில்லுங்க."

அவர் மறுபடி டிரைவரை ஏற்றிப் பாஸ்வேர்டு வைத்து மிஷினை அணைத்துப் போட்டார். பிறகு, தள்ளி நின்றார். கடைத்தெருவில் எந்தக் கொம்பனுக்கும் வழிவிடாத மனிதர் அவர்.

அவள் மருந்துத் தாளைப் படிக்கிற மாதிரி, எழுத்துக் கூட்டி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"எர்ரர்னு எங்கயுமே போடலியே. யாரோ புதுசா ஒரு சாவி கொண்டு வந்திருக்காங்க, சேத்துக்கலாமான்னு உங்களைத்தான் கேக்குது. நீங்க என்ன சொன்னீங்க?"

"கன்டினியூன்னு சொன்னேன்."

"அப்படின்னா வேணாம், பேசாம போன்னு அர்த்தம்."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வெளியிலிருந்து சாவியோடு வரும் டிரைவரை மிஷின் எடுத்தவுடன் நம்பிவிடாது. இது நம்ம ஆள்தான் என்று வீட்டுக்காரர் நேரில் சொல்லவேண்டும். அதற்குத்தான் கிளம்பும்போது ஒரே ஒரு தடவை நீலமாக வந்து கேட்கிறது. ஒவ்வொரு முறையும் அவரே டிரைவரை அழைத்துவந்து, ஒவ்வொரு முறையும் அவரே வாசலில் வைத்துத் துரத்தியிருக்கிறார்.

இரண்டாவது வரியில் சேர்த்துக்கொள் என்று இருந்தது. அவள் அதில் போய் நின்று அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது, ஆமாம் என்றாள். அடுத்து, சற்று முன் வைத்த பாஸ்வேர்டைக் கேட்டது.

"என்ன வச்சீங்க?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். அது தொழில் ரகசியம், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது, அந்தப் பக்கம் திரும்பிக்கொள் என்றார்.

"உங்க ஸ்கூட்டர் நம்பர்தானே? கடைத்தெருவுக்கே தெரியும்" என்று சொல்லி, அவளே தட்டிவிட்டாள்.

மிஷின் ஒரு முறை அணைந்து எழுந்தது. மேல் மூலையில் வைஃபை அடையாளம் விசிறி மாதிரி விரிந்து நின்றது. அவர் போனைப் பிடுங்கினார். இந்தத் தடவை இணையம் கூடப் போகவில்லை. சந்தோஷத்தில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். அவள் அதை எடுத்து, ஜன்னலைத் திறந்து, எதிர்வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த தம்பியிடம் நீட்டினாள்.

தேர்வு தொடங்கும் முன் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டவேண்டும். மடிக்கணினியைத் தூக்கிக் காட்டும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். தூக்குகிற வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சுவர், கட்டில், மேசைக்கு அடி எல்லாம் காட்டி, மேசையில் வைத்துவிட்டு, அடையாளம் அப்படியே இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. இது என்ன என்று கேட்க வாயெடுத்தார். அறையில் இன்னொரு முகம் தெரிகிறதாம், வெளியே போகாவிட்டால் தேர்வு ரத்தாகுமாம் என்று அவள் உதட்டை அசைக்காமல் சொன்னாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, தவழ்ந்தே போய்க் கதவைத் திறந்து வெளியேறினார்.

அறை வாசலில் மைத்துனன் நின்றிருந்தான். முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தவரிடம், என்னதான் கோளாறு என்று கேட்டான்.

"கோளாறா? இந்தப் புது மிஷின்லாம் ரொம்ப மரியாதை தெரிஞ்சது, மாப்ளே. வீட்டுக்காரரைக் கேக்காம ஒருத்தனையும் உள்ள விடாது. சேத்துக்கன்னேன், சேத்துக்கிச்சு."

"நீலமா ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு?"

"திரைக்கு நல்ல நிறம் கொடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் இருந்த வைஃபை பெட்டியின் ஒயரை யாரும் காலால் இடறிவிடக் கூடாது என்று அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. மைத்துனன் அந்தப் பக்கம் நடந்தபோதெல்லாம் காலைத் தூக்கி வைக்கச் சொன்னார்.

தேர்வு நேரம் முடிந்து கதவு திறந்தது. அவள் வெளியே வந்து கழுத்தைச் சொடுக்கிக்கொண்டாள்.

"எப்படி?" என்று எழுந்தார்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன். ரெண்டு கேள்விதான் சந்தேகம்."

"நான் அதைக் கேக்கலை. நெட்டு?"

"நடுவுல ஒரு தடவைகூட விட்டுப் போகலைங்க."

அவர் மைத்துனனைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். தேர்வு முடிவு வர நாளாகும். அதுவரைக்கும் ஊருக்குச் சொல்ல இது போதும்.